எலிட தசைக்கும் எலிட பூர்வீகத்துக்கும் என்ன சம்பந்தம்?

களுவாஞ்சிக்குடியில ஏஎல் பயோ படிக்கிற தங்கச்சி ஒராள் கேட்டதுக்குத்தான் இந்தப் பதில். மூண்டு விசயம் கேட்டிருக்கா. எலிட ஜீன வச்சு தசை எப்படி வேலை செய்யுதெண்டு பாக்கிறதும், எலிட டிஎன்ஏய வச்சு பழைய மக்கள் எங்கிருந்து எங்க போனாங்க எண்டு பாக்கிறதும் ஒண்டா, வேற வேறயா? அவட தம்பி சோனல் மீட்ல நூறு மீற்றர் ஓடுறவராம், அவருக்கு ஜீன் டெஸ்ட் செஞ்சு பாத்தா பிரயோசனம் இருக்கா? வட்டைக்குள்ள (வயல்வெளிக்குள்ள) பிடிபடுற எலிய வச்சு ஸ்கூல் ப்ராஜெக்ட் ஒண்டு செய்யலாமா?

செய்யிற ஆக்களும் ஆய்வுகூடமும் கணக்க வேற வேறதான். ஆனா ஒரு எலிட தசையில வாற ரிசல்ட்ட, அந்த எலி எந்த வழி வந்த எலி எண்டு தெரியாம வாசிக்க ஏலாது. நான் எலித் தசை பாக்கிற ஆய்வுகூடம் ஒண்டுல வேலை செஞ்ச ஆள், அங்க முதல் நாளே கேக்கிற கேள்வி "என்ன ஸ்ட்ரெய்ன்?", அதாவது எந்த வம்சம் எண்டதுதான், ஜீன் என்ன எண்டது அதுக்குப் பிறகுதான்.

முதல் ஆய்வுகூட எலிட கதையச் சொல்லுறன். உலகத்துல கூடப் பாவிக்கிற கறுப்பு எலிக்குப் பேர் சி57பிளாக்6. 2002ல எலி ஜீனோம், அதாவது எலிட முழு டிஎன்ஏ, எண்டு வெளியிட்டதும் இந்த எலிடதான். அமெரிக்காவில மாசச்சூசெட்ஸ் பக்கம் கிரான்பி எண்ட ஊர்ல அபி லாத்ரொப் எண்ட ஒரு ஓய்வு பெற்ற டீச்சர் அழகுக்கு வளர்க்கிற எலிகள விக்கிறவ, அவட்ட இருந்து வாங்கின எலிகள்ல 57ம் நம்பர் பெட்டை எலிட வழியில 1921ல கிளாரன்ஸ் குக் லிட்டில் உண்டாக்கினதுதான் இந்த வம்சம். சகோதரனையும் சகோதரியையும் இருவது தலைமுறைக்கு மேல சேர்த்து சேர்த்து எல்லா எலியும் கிட்டத்தட்ட ஒரே டிஎன்ஏ வாற மாதிரி ஆக்கிப்போட்டாங்க. அந்தக் காலத்துல அழகுக்கு வளர்த்த எலிகள் ஐரோப்பாவில இருந்தும் வந்தது, சீனா ஜப்பான் பக்கம் இருந்தும் வந்தது, எல்லாம் கலந்துதான் விக்கிறது. இந்த ஆய்வுகூட எலியெல்லாம் வீட்டுச் சுண்டெலிட இனம்தான், அதுல மூண்டு பெரிய பிரிவு கிடக்கு: மேற்கு ஐரோப்பாப் பக்கம் டொமெஸ்டிகஸ், கிழக்கு ஐரோப்பாவில இருந்து வட ஆசியா முழுக்க மஸ்குலஸ், எங்கட தெற்காசியா தென்கிழக்காசியாப் பக்கம் காஸ்டேனியஸ். மூண்டும் ஈரானுக்கும் வடமேற்கு இந்தியாவுக்கும் இடைப்பட்ட பகுதியில இருந்து பிரிஞ்சு போனதெண்டுதான் பெரும்பாலும் ஏத்துக்கொண்டிருக்காங்க, சில லட்சம் வருசத்துக்கு முந்தி. 2011ல ஆய்வுகூட எலி வம்சங்கள்ட ஜீனோம முழுசா அலசிப் பாத்தா 94 வீதம் டொமெஸ்டிகஸ், மிச்சத்துல கூடப் பங்கு மஸ்குலஸ், அதுவும் ஜப்பான் அழகு எலிகள்ட வழியா வந்தது.

இதுல ஒரு விசயம் எங்கட மட்டக்களப்பு அம்பாறைப் புள்ளைகளுக்கு மத்த ஆக்கள விட லேசா விளங்கும். எங்கட பக்கம் குடி எண்ட குலப்பிரிவு தாய்வழியில வாறதுதானே, தமிழ் ஆக்களுக்கும் சரி முஸ்லிம் ஆக்களுக்கும் சரி, தாய் எந்தக் குடியோ புள்ளையும் அந்தக் குடி, தகப்பன்ட குடி புள்ளைக்கு வராது. மைட்டோகொண்ட்ரியா டிஎன்ஏ அச்சொட்டா அதே வழியிலதான் போகுது, தாயிட்ட இருந்து மட்டும். வை குரோமோசோம் தகப்பன்ட்ட இருந்து ஆண் புள்ளைக்கு. இப்ப சி57பிளாக்6 எலிட மைட்டோகொண்ட்ரியாவ மட்டும் பாத்தா சுத்த ஐரோப்பிய டொமெஸ்டிகஸ் எண்டு தோணும், வை குரோமோசோமப் பாத்தா ஆசிய மஸ்குலஸ்! ஒரே எலிக்குள்ள ரெண்டு பூர்வீகம். குடிப் பேர மட்டும் வச்சு ஒராள்ட முழு வம்சத்தையும் சொல்ல ஏலாத மாதிரித்தான், மைட்டோகொண்ட்ரியாவ மட்டும் வச்சு "இவங்க இந்த இடத்து ஆக்கள்" எண்டு சொல்லவும் ஏலாது.

மறுகா தசைக்கு வருவம். தசை ஆராய்ச்சியில ஆகப் பேர் போன எலி எம்டிஎக்ஸ் எலி. 1984ல எடின்பரோவில புல்ஃபீல்ட் எண்டவரும் அவரோட சேர்ந்தவங்களும் எலிகள்ட இரத்தத்துல நொதியங்கள அளந்துகொண்டு போகக்குள்ள சில எலிகளுக்கு பைருவேட் கைனேசும் கிரியட்டின் கைனேசும் அளவுக்கு மேல கூடிக் கிடந்தத கண்டாங்க. தசை உடைஞ்சாத்தான் இந்த நொதியங்கள் இரத்தத்துக்குள்ள கசியும். பிறகு பாத்தா டிஸ்ட்ரோபின் எண்ட புரதம் அந்த எலிகள்ல இல்ல, ஜீன்ட 23ம் எக்சோன்ல (எக்சோன் எண்டா ஜீன்ல புரதத்துக்கு வாற துண்டு) ஒரு எழுத்து மாறி "நிப்பாட்டு" எண்ட சைகை நடுவில வந்திட்டுது. இதே புரதம் இல்லாமப் போறதுதான் ஆம்பிளப் புள்ளைகளுக்கு வாற டுஷென் தசைநோய். ஏறக்குறைய 3500 இல்லாட்டி 5000 ஆண் புள்ளைக்கு ஒராள் எண்டு கணக்குச் சொல்லுறாங்க. மனுசர்ல இந்த ஜீன் 79 எக்சோன், இருவது லட்சம் எழுத்துக்கும் மேல, எங்கட ஜீன்கள்ல ஆகப் பெரிசுகள்ல ஒண்டு, அதாலதான் குடும்பத்துல முந்தி ஆருக்குமே இல்லாத வீடுகள்லயும் புதுசா மாற்றம் விழுந்து இந்த நோய் வரலாம்.

எம்டிஎக்ஸ் எலிட தசைய மெல்லிசா வெட்டி சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பாத்தா ஒண்டு உடனே கண்ணுல படும். சுகமான தசை நார்ல கரு ஓரத்துல ஒட்டிக்கொண்டு கிடக்கும். இந்த எலியில கருக்கள் நார்ட நடுவில வரிசையா நிக்கும், அது ஒருக்கா செத்து திரும்ப முளைச்ச நார் எண்டதுக்கு அடையாளம். மூண்டு நாலு கிழமை வயசுல தசை பெரிய அளவில அழியும், பிறகு திரும்ப வளரும், கால் தசை கிட்டத்தட்ட தேறிவிடும், ஆனா மூச்சு விடுற பிரிமென்தகடு தேறாது, அதுலதான் மனுசர்ல காணுற மாதிரி தழும்பு போல நார்த்திசு மண்டும். எண்டாலும் அந்த எலி ஓடித் திரியும், ரெண்டு வருசம் அளவுல உயிரோடயும் இருக்கும். மனுசப் புள்ளைக்கு பன்னிரண்டு வயசு அளவுல நடக்க ஏலாமப் போகுது. அதே புரதம்தான் இல்ல, ஆனா விளைவு இவ்வளவு வித்தியாசம், ஏன்? ஒரு காரணம் யூட்ரோபின் எண்ட ஒத்த புரதம் எலியில கைகுடுக்குது. 1997ல ரெண்டு புரதமும் இல்லாத எலிகள உண்டாக்கிப் பாத்தாங்க, அதுகள் கடுமையா நோய்ப்பட்டு சின்ன வயசுலயே செத்துப் போச்சு.

ரெண்டாவது காரணம்தான் உங்கட கேள்விக்கு நேர் பதில். எம்டிஎக்ஸ் மாற்றம் முதல் கிடந்தது சி57பிளாக்10 வம்சத்துல. அதே மாற்றத்த டிபிஏ2 எண்ட வம்சத்துக்கு மாத்தி வளர்த்தா நோய் நல்லாக் கடுமை, தசை மெலியும், நார்த்திசு கூடும், மனுசர்ட நோய்க்கு இன்னும் கிட்ட வரும். டிபிஏ எண்டது 1909ல லிட்டில் தொடங்கின வம்சம், ஆய்வுகூட வம்சங்களுக்குள்ள ஆகப் பழசு. அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு தேடிப் போனப்ப 2009ல எல்டிபிபி4 எண்ட ஜீன் பிடிபட்டுது. அந்தப் புரதம் டிஜிஎஃப் பீட்டா எண்ட சைகைப் பொருள கட்டிப் பிடிச்சு வச்சிருக்கும், டிபிஏ2ல அந்தப் புரதத்துல 12 அமினோ அமிலம் குறைவு, அதால லேசா வெட்டுப்படும், வெட்டுப்பட்டா டிஜிஎஃப் பீட்டா வெளிய வரும், தசை இருந்த இடத்துல நார்த்திசு வளரும். இத எலியில கண்டதாலதான் மனுசர்லயும் தேடினாங்க. 2013ல பாத்தா எல்டிபிபி4ல ஒரு குறிப்பிட்ட வகை தாய் தகப்பன் ரெண்டு பக்கத்தாலயும் வந்த டுஷென் புள்ளைகள் மத்தப் புள்ளைகள விட ஏறக்குறைய ரெண்டு வருசம் கூட நடக்கிறாங்க. எலியில கிடக்கிற அதே மாற்றமில்ல, ஆனா அதே ஜீன். நூறு வருசத்துக்கு முந்தி ஆரோ அழகுக்கு வளர்த்த எலிட வம்சக் குறை ஒண்டு, இண்டைக்கு ஒரு புள்ள எவ்வளவு காலம் நடக்கும் எண்ட கேள்விக்கு வழி காட்டியிருக்கு. எனக்கு இந்தத் துறையில ஆகப் பிடிச்ச கண்டுபிடிப்பு இதுதான்.

பேர் ஒண்டா இருந்தாலும் கவனிக்கோணும். சி57பிளாக்6 வம்சத்த 1951ல ரெண்டாப் பிரிச்சு வளர்த்தாங்க, ஜெ கிளை ஜாக்சன் ஆய்வுகூடத்துல, என் கிளை அமெரிக்க அரச சுகாதார நிறுவனத்துல. ஜெ கிளையில பிறகு என்என்டி எண்ட ஜீன்ல ஒரு துண்டு காணாமப் போச்சு, அந்த ஜீன்ட புரதம் மைட்டோகொண்ட்ரியாவுக்குள்ள வேலை செய்யிறது. தசைட களைப்ப அளக்கிற ஆள் இந்தக் கிளையையும் அந்தக் கிளையையும் கலந்து வச்சு ஒப்பிட்டா வந்த வித்தியாசம் எதால வந்ததெண்டே சொல்ல ஏலாது.

ஜீன வெட்டி ஒட்டாம, தெரிவு செஞ்சு வளர்த்தும் பாக்கலாம். தியடோர் கார்லண்ட் எண்டவர் 1993ல தொடங்கின வேலை இது: எலிக் கூட்டுக்குள்ள ஒரு சக்கரம், ஆறு நாள் விடுறது, அஞ்சாம் ஆறாம் நாள்ல ஆகக் கூட ஓடின எலிகளத் தெரிஞ்சு அடுத்த தலைமுறைக்கு விடுறது. நாலு வம்சம் அப்படி, நாலு வம்சம் தெரிவு செய்யாம ஒப்பிடுறதுக்கு. போகப் போக தெரிஞ்செடுத்த வம்சங்கள் மத்ததுகள விட மூண்டு மடங்கு அளவுக்கு ஓடத் தொடங்கிட்டுது. எல்லாரும் எதிர்பார்த்தது கால் தசை பெருக்கும் எண்டு, ஆனா நாலுல ரெண்டு வம்சத்துல கெண்டைத் தசை அரைவாசியாச் சுருங்கிப் போச்சு! மினி மசில் எண்டு பேர் வச்சாங்க. 2013ல காரணம் தெரிஞ்சுது, எம்வைஎச்4 ஜீன்ட இன்ட்ரோன்ல ஒரு எழுத்து மாற்றம், அதால டூ-பி எண்ட ஆக வேகமான, ஆக லேசா களைக்கிற நார் இல்லாமப் போச்சு. அந்த எழுத்து புதுசா வந்ததில்ல, தொடங்கின கூட்டத்துலயே ஒளிச்சுக் கிடந்தது, தெரிவு செய்யச் செய்ய மேல வந்தது. புத்தகத்துல இன்ட்ரோன் எண்டா புரதத்துக்கு வராத பகுதி எண்டு எழுதிப்போட்டு விட்டுவிடுவம், இஞ்ச அந்தப் பகுதியில ஒரு எழுத்து ஒரு தசையையே பாதியாக்கியிருக்கு.

தசை அளவுக்கு மேல வளராமத் தடுக்கிற மயோஸ்டாட்டின் பத்தி நீங்க படிச்சிருப்பீங்க, அதால சுருக்கமா. 1997ல அந்த ஜீன எடுத்த எலிகளுக்கு தசை ரெண்டு மூண்டு மடங்கு பெருத்துது, பெல்ஜியன் ப்ளூ மாடும் அதே ஜீன் குறையாலதான் அப்படிக் கொழுத்துக் கிடக்கு. ஆனா அந்த எலிட தசைட பருமனுக்கு ஏத்த பலம் இல்ல, மைட்டோகொண்ட்ரியாவும் குறைவு. டுஷென் புள்ளைகளுக்கு மயோஸ்டாட்டின தடுக்கிற மருந்து குடுத்துப் பாத்த ஒரு பரிசோதனைய 2018ல பலனில்லையெண்டு நிப்பாட்டினாங்க.

இனி பூர்வீகப் பக்கம். எலி தானா கடல் தாண்டாது, மனுசன்தான் கொண்டு போறது, அதால எலி போன வழியப் பிடிச்சா மனுசன் போன வழி தெரியும். பசிபிக் தீவுகள்ல இது நல்லா வேலை செஞ்சுது. பொலினீசிய மக்கள் தோணியில பசிபிக் எலியக் கொண்டு போனாங்க, அது அவங்களுக்குச் சாப்பாடும்தான். பிறகு ஐரோப்பியக் கப்பல்ல வந்த எலி வேற இனம், இதோட கலக்காது, அதால பழைய வழி அழியாமக் கிடந்தது. 1998ல லீசா மாட்டிசூ ஸ்மித் அந்த எலிகள்ட மைட்டோகொண்ட்ரியாவ வச்சு, ஒருக்கா மட்டும் போய்க் குடியேறினதில்ல, தீவுகளுக்கிடையில போக்குவரத்து இருந்திருக்கு எண்டு காட்டினா. ஐரோப்பாவில 2022ல பழைய எலும்புகள்ட டிஎன்ஏய எடுத்துப் பாத்தாங்க, கறுப்பு எலி ரோமர் காலத்துல ஒருக்கா வந்து, ரோம் விழுந்த பிறகு குறைஞ்சு போய், மத்திய காலத்துல வேற எலிக்கூட்டம் திரும்ப வந்திருக்கு. வியாபாரம் படுத்தா எலியும் படுக்குது, வியாபாரம் எழும்பினா எலியும் வருது.

இலங்கைக்கும் இதுல இடம் இருக்கு, இது எங்கட புள்ளைகளுக்குத் தெரியோணும். வீட்டுக்கூரையில ஓடுற கறுப்பு எலிட குரோமோசோம எண்ணின யோசிடா எண்ட ஜப்பான் விஞ்ஞானி மூண்டு வகை கண்டார்: ஆசியப் பக்கம் 42, இலங்கை எலியில 40, ஐரோப்பா அமெரிக்கா அவுஸ்திரேலியா முழுக்கப் பரவின வகையில 38. இலங்கை வகைக்கு அவர் வச்ச பேரே சிலோன் வகை. 42ல ரெண்டு சோடி ஒட்டி ஒரு சோடியாகினா 40, அது போல இன்னொருக்கா ஒட்டினா 38. அதாவது இலங்கை எலி நடுப்படி. உலகம் சுத்தின 38 வகை தென்னிந்தியப் பக்கத்துல உண்டாகித்தான் மேற்கே போயிருக்கோணும் எண்டு அவர் சொன்னதுக்கு இந்த நடுப்படி ஒரு பெரிய ஆதாரம்.

இப்ப தசையும் பூர்வீகமும் நேரா சந்திக்கிற இடம், உங்கட தம்பிட கேள்வியும் இதுக்குள்ளதான் கிடக்கு. ஏசிடிஎன்3 எண்ட ஜீன் வேக நார்ல மட்டும் இருக்கிற ஆல்ஃபா ஆக்டினின் 3 புரதத்த செய்யும். உலகத்துல நூறு கோடிக்கு மேல ஆக்களுக்கு 577ம் இடத்துல நிப்பாட்டுச் சைகை ரெண்டு பக்கத்தாலயும் வந்து அந்தப் புரதமே இல்ல, நோயும் இல்ல. ஆசிய ஆக்கள்ல நாலுல ஒராள் அளவு, ஐரோப்பியர்ல அதவிடக் குறைவு, ஆபிரிக்காவில பான்டு மொழி பேசுற மக்கள்ல நூத்துக்கு ஒராளும் இல்ல. இது இல்லாம இருந்து என்ன லாபம்? அத மனுசர்ல பரிசோதிக்க ஏலாது, அதாலதான் சிட்னியில 2007ல அந்த ஜீன எடுத்த எலிய உண்டாக்கினாங்க. எலிட பிடிபலம் கொஞ்சம் குறைஞ்சுது, வேக நார்கள் ஒக்சிசன் பாவிச்சு வேலை செய்யிற பக்கம் சாஞ்சுது, 33 வீதம் கூட தூரம் ஓடிச்சு. 2021ல இன்னொண்டு: அந்தப் புரதம் இல்லாத எலி குளிர்ல உடம்புச் சூட்ட கூட நேரம் காப்பாத்துது. மனுசர 14 பாகை தண்ணிக்குள்ள இருத்திப் பாத்தப்பவும் புரதம் இல்லாதவங்கள்ல 69 வீதம் ஆக்கள் 35.5 பாகைக்கு மேல நிண்டாங்க, இருக்கிறவங்கள்ல 30 வீதம்தான். ஆபிரிக்காவ விட்டு குளிர்ப் பக்கம் போன மக்களுக்கு இது உதவியிருக்கலாம் எண்டு அவங்க சொல்லுறாங்க. இயற்கைத் தேர்வுதான் காரணமா, சின்னக் கூட்டமாப் போகக்குள்ள தற்செயலாக் கூடினதா எண்டு வாதம் இன்னும் நடக்குது. 2013ல ஈடிஏஆர் ஜீன்லயும் இதே மாதிரி ஒரு வேலை நடந்தது, கிழக்காசிய ஆக்கள்ல கூடக் காணுற ஒரு மாற்றத்த எலிக்குள்ள வச்சுப் பாத்தா முடி தடிச்சுது, வியர்வைச் சுரப்பியும் கூடிச்சு, அதுக்குப் பிறகுதான் சீனாவில மனுசர்லயும் வியர்வைச் சுரப்பிய எண்ணி உறுதிப்படுத்தினாங்க.

தம்பிக்கு டெஸ்ட் வேணாம் தங்கச்சி. ஏசிடிஎன்3 ஒராள்ட ஓட்டத்துல ரொம்பச் சின்னப் பங்குதான் தீர்மானிக்குது, 2015லயே விளையாட்டு மரபியல் நிபுணர்கள் சேர்ந்து, புள்ளைகள்ட திறமையக் கண்டுபிடிக்க இந்த டெஸ்டுகள் உதவாது எண்டு அறிக்கை விட்டாங்க. அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஸ்பைக் சப்பாத்து வாங்கிக் குடுங்க. அதே போல "இந்த ஜீன் இத்தன வீதம், அதால இவங்கதான் இஞ்ச முதல் வந்த ஆக்கள்" எண்டு ஆரும் ஒரு படத்தக் காட்டினா நம்ப வேணாம். மைட்டோகொண்ட்ரியாவ மட்டும் வச்சு ஒரு எலிட பூர்வீகத்தயே சொல்ல ஏலாதெண்டு மேல பாத்தம், எங்கட ஊர்ச் சண்டைகளுக்கு ஒரு ஜீன்ட வீதத்த ஆயுதமா எடுக்கிறது விஞ்ஞானத்துக்கும் துரோகம், ஆக்களுக்கும் துரோகம்.

ப்ராஜெக்ட்டுக்கு வட்டை எலிய உயிரோட பிடிக்கப் போகாதீங்க. எலிட மூத்திரத்தால வாற எலிக்காய்ச்சல் எங்கட வயல் பக்கங்கள்ல உயிர எடுக்கிற நோய், காலில சின்னக் கீறல் இருந்தாலே போதும், அதுக்குத்தானே பிஎச்ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) விதைப்புக் காலத்துல வயல்காரருக்கு டொக்சிசைக்ளின் குளிசை குடுக்கிறாங்க. அதுக்குப் பதிலா ஜாக்சன் ஆய்வுகூடம் நடத்துற மவுஸ் ஃபினோம் டேட்டாபேஸ் எண்ட தளத்துல போய்த் தேடுங்க, காசு இல்ல, வம்சம் வம்சமா எலிகள்ட உடம்பு நிறை, பிடிபலம், ஓட்டம் எல்லாம் அளந்து போட்டுக் கிடக்கு. மூண்டு வம்சம் எடுங்க: சி57பிளாக்6, டிபிஏ2, காஸ்ட். காஸ்ட் எண்டது தாய்லாந்துல பிடிச்சு வளர்த்த காஸ்டேனியஸ் எலிட வழி, எங்கட வீட்டுச் சுண்டெலிக்கு மத்த ரெண்டையும் விடக் கிட்டின சொந்தம். ஆணையும் பெண்ணையும் பிரிச்சு எடுங்க. காஸ்ட் உடம்பு சின்ன எலி, அதால பிடிபலத்த நிறையால பிரிச்சுப் போட்டு ஒரு கிராஃப், பிரிக்காமப் போட்டு ஒரு கிராஃப் எண்டு ரெண்டையும் கீறி, ரெண்டுலயும் வம்சங்கள்ட ஒழுங்கு மாறுதா எண்டு எழுதுங்க.